கோடு முழுசா இருக்கு, நெட் மட்டும் வரலையா?

சிக்னல் கோடு முழுசாக நிற்கும், ஆனால் ஒரு போட்டோகூட இறங்காது. அந்தக் கோடு டவரிலிருந்து வரும் அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அங்கே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லாது. ஒரு டவர் பெரும்பாலும் மூன்று பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு 'செல்'. அதன் வேகத்தை அதிலுள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தேர்த் திருவிழாவில் நெட் படுத்துவிடுவது இதனால்தான்.

ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள். போன் சுற்றியுள்ள செல்களைப் புதிதாகத் தேடி, நெட்வொர்க்கில் மறுபடி பதிந்துகொள்ளும். கூட்டம் குறைந்த வேறு செல் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதே செல் வந்தால், கொஞ்சம் நடந்து பார்ப்பதுதான் வழி.

வீட்டுக்குள்ளேயே சிக்னல் மோசமா? பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் அபவுட் போன், அப்புறம் சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் பலத்தைச் சொல்லும் டிபிஎம் (dBm) அளவு தெரியும். -85 என்றால் நல்லது, -115 என்றால் இழுபறி. 10 இறங்கினாலே பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். என் சமையலறையில் -112, நாலடி தள்ளி ஜன்னலோரம் -97! சிக்னல் குறைந்த இடத்தில் போனும் டவருக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டும். அதாவது, தான் அனுப்பும் அலையைப் பலமாக்கும்; 4ஜி போனில் அது வழக்கமாக 200 மில்லிவாட் வரை போகும். ராத்திரி சார்ஜ் தானாகக் கரைகிறது என்றால், போனை முதலில் ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள்.