பழைய ரயில் படம் எந்த ஊரில் எடுத்தது? கண்டுபிடிக்கும் வழி

தாத்தா காலத்துப் பெட்டியில் ஒரு ரயில் படம் கிடைத்தால் உடனே கூகுளில் போட்டுத் தேடாதீர்கள். தமிழ்நாட்டில் எடுத்தது என்று தெரிந்தாலே போதும், தண்டவாளமே பாதி ஊர்களைக் கழித்துக் கொடுத்துவிடும். எது இல்லை என்று கழித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுவது சில ஊர்கள்தான்.

படி 1: ஸ்கேன். 600 டிபிஐ-க்குக் குறையாமல் எடுங்கள். பின்புறத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ பென்சில் கிறுக்கலோ இருக்கலாம்.

படி 2: படம் இடவலம் மாறியிருக்கிறதா? நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருந்தால் தேடுவதெல்லாம் வீண். எழுத்து எதுவும் இல்லையென்றால் கைகாட்டியை (கம்பத்தில் கை போல நீண்டிருக்கும் பழைய சிக்னல்) பாருங்கள். கருத்த கையில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது பொதுவாக ஓட்டுநர் பார்க்கும் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கை கம்பத்துக்கு இடப்புறம் நீண்டிருக்க வேண்டும்.

படி 3: தண்டவாள இடைவெளி. எனக்கு இதுதான் முக்கியமான படி. அகலப்பாதை 1,676 மி.மீ., கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். மீட்டர் கேஜ் 1,000 மி.மீ., இடுப்பு உயரத்துக்குச் சற்று மேல். படத்தில் பாதையை ஒட்டி யாராவது நிற்கிறார்களா? அவர் உயரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அவர் நிற்கும் அதே தூரத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளந்து ஒப்பிடுங்கள். பாதையை நேராகப் பார்த்து எடுத்த படத்தில் இது நன்றாக வரும். பக்கவாட்டில் எடுத்ததில் ஏமாற்றும்.

மீட்டர் கேஜ் என்றால் எழும்பூரிலிருந்து விழுப்புரம், தஞ்சை, மதுரை, ராமேஸ்வரம், திருநெல்வேலி, செங்கோட்டை என்று தெற்கே தேடுங்கள். அகலப்பாதை என்றால் சென்னை சென்ட்ரல், அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கோவை வழி. இன்று அகலப்பாதையாக இருப்பதை வைத்து அன்றும் அப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். நாகப்பட்டினம்–திருச்சி வழி 1860-களில் அகலப்பாதையாகத் தொடங்கி, மீட்டர் கேஜாகி, மறுபடி அகலமானது.

மீட்டர் கேஜுக்கு மேலே மின்கம்பி தெரிகிறதா? அப்படியென்றால் தேட வேண்டியது சென்னை கடற்கரை முதல் விழுப்புரம் வரை மட்டுமே. தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. அதற்குத் தெற்கே 1960-களில்தான். பின்னால் உச்சியில் மாதா கோயிலோடு ஒரு குன்றும் இருந்தால் பரங்கிமலையை முதலில் பாருங்கள். இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சக்கரப் பட்டை ஓடினால் கல்லாறு–குன்னூர் மலைப்பாதை, வேறு எங்கும் தேட வேண்டாம்.

படி 4: எழுத்துகள். பெட்டியில் 'எஸ்.ஐ.ஆர்.' (சவுத் இந்தியன் ரயில்வே) என்றிருந்தால் 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முந்தையது, அல்லது எழுத்து மாற்றாமல் ஓடிய சில காலம். பெயர்ப்பலகையில் கடல்மட்ட உயரம் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம்; ஊர்ப் பெயர் அழிந்திருந்தாலும் அந்த எண் கைகொடுக்கும். அடிக்கணக்கில் இருந்தால் மெட்ரிக் முறை வருவதற்கு முன் எழுதிய பலகை. அப்புறம், பெயர் மாறிய ஊர்களும் உண்டு: 'டால்மியாபுரம்' என்றிருந்தால் இன்றைய வரைபடத்தில் கல்லக்குடி என்று தேடுங்கள்.

படி 5: மலையும் நிழலும். திருப்பரங்குன்றம், திண்டுக்கல், மலைக்கோட்டை ஆகியவை பார்த்ததும் தெரியும். பாறைக்கோட்டை என்றதும் நாமக்கல் என்று நினைக்காதீர்கள். அங்கே ரயில் வந்தது 2013-ல்தான். நிழலை வைத்துத் திசை பார்க்கும்போதும் கவனம் வேண்டும். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்பது நம் ஊரில் எப்போதும் சரியல்ல. மே, ஜூன், ஜூலையில் அது தெற்கே விழும்.

படி 6: சரிபார்த்தல். கூகுள் எர்த்தில் அந்த இடத்துக்குப் போய்த் தரைமட்டப் பார்வையில் மலையின் விளிம்பைப் படத்தோடு பொருத்துங்கள். நிலையக் கட்டடம் இடிந்திருக்கலாம், பாதையே நகர்ந்திருக்கலாம், மலை நகராது. சமவெளி என்றால் பழைய நில அளவை வரைபடத்தில் ஆறு, பாலம், கிளைப்பாதை பிரியும் திசை மூன்றையும் பாருங்கள்.

மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே ஊரைக் காட்டினால் பெயர் எழுதலாம். அதற்குக் குறைவென்றால் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எந்தச் சான்று கிடைத்தது என்பதையும் மென்மையான பென்சிலால் படத்தின் பின்னால் குறித்து வையுங்கள்.