தாகம் வெயிலாலா, சீனியாலா? சலரோக அறிகுறிகளை வீட்டிலேயே பார்க்கும் முறை

சிறுபோக அறுவடை நேரம் வன்னியில் தாகம் எடுக்காத ஆள் இல்லை. வெயிலுக்குள் நின்றால் களைக்கும், உடம்பும் கொஞ்சம் வத்தும். சலரோகம் பிந்திப் பிடிபட இது நல்ல வசதி: எல்லாப் பழியையும் வெயிலில் போட்டுவிடலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று நாளும், ஒன்றரை லீற்றர் போத்தலும், ஒரு கொப்பியும் போதும்.

1. தண்ணீரும் சலமும்

குடிக்கிற தண்ணீரை அந்தப் போத்தலால் அளந்து எழுதுங்கள். படுத்த பிறகு எத்தனை தரம் சலம் கழிக்க எழும்பினீர்கள், என்ன நிறம், கொஞ்சமா நிறையவா என்பதையும் எழுதுங்கள்.

வெயில் தாகத்தில் நீர் வியர்வையாகப் போய்விடும். அதனால் சலம் குறைவு, நிறமும் கடும் மஞ்சள். நிழலில் இருந்து இரண்டு செம்பு குடித்தால் அடங்கும். சீனித் தாகம் மறுவளம். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மி.கி.யைத் (ஒரு டெசிலீற்றருக்கு) தாண்டினால் சிறுநீரகத்தால் அதை மறித்து வைக்க ஏலாது. சலத்தோடு போகிற சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். குடிக்கக் குடிக்க நாக்கு வறளும், சலம் வெளிறி நிறையப் போகும், இரவிலும் இரண்டு மூன்று தரம் எழுப்பும். மாரி மழையிலும் இப்படியென்றால் வெயிலைக் குற்றம் சொல்ல இடமில்லை.

வயதான ஆண்கள் இரவில் அடிக்கடி எழும்பியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறதென்றால் அது புரொஸ்டேட் சிக்கலாகவும் இருக்கலாம். பிரஷருக்குச் சலம் போகிற குளிசை எடுப்பவர்களின் கணக்கும் வேறு.

சலத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். மொய்த்தால் சோதிக்கத்தான் வேண்டும். மொய்க்கவில்லை என்று நிம்மதி கொள்ளாதீர்கள். வெறும் வயிற்றில் 126 வந்தாலே சலரோகம், ஆனால் அந்த அளவில் சலத்தில் சீனி வராது.

2. உடம்பு

வழமைபோலச் சோறு சாப்பிட்டும் பெல்ட் ஓட்டை உள்ளே போகிறதா? ஒரே தராசில், காலையில் நிறுத்துப் பாருங்கள். பிறப்புறுப்பில் விட்டு விட்டு வரும் அரிப்பு, தேய்த்தும் போகாத பிடரிக் கறுப்பு இரண்டையும் வெட்கத்தில் மறைக்க வேண்டாம். பார்வை மங்கினால் உடனே கண்ணாடி வாங்காதீர்கள். சீனி ஏறி இறங்கும்போது கண் வில்லையும் மாறும், இன்று வாங்கிய கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது.

3. கால்

ஆளைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஒவ்வொன்றையும் ஒரேயொரு தரம், ஒன்றிரண்டு செக்கன் மெல்லத் தொடுங்கள். தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். அமத்தக் கூடாது, அமத்தினால் மூட்டுக்கு உணர்வு போய், தோல் மரத்த ஆளும் சரியாகச் சொல்லிவிடுவார். ஆறில் இரண்டு தவறினால் உணர்வு குறைந்திருக்கிறது.

போரில் செல் துண்டு பட்டவர்கள் "அது பழைய காயம்" என்று விட்டுவிடுவார்கள். காயத்து விறைப்பு பெரும்பாலும் பட்ட பக்கத்தோடு நிற்கும். சலரோக விறைப்பு இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். பொய்க்கால் போடுபவர்கள் மிஞ்சிய காலையும், பொய்க்கால் உரசும் இடத்தையும் ஒவ்வொரு இரவும் பார்க்க வேண்டும். வயலில் வந்த சேற்றுப்புண் இரண்டு கிழமையாகியும் ஆறவில்லையென்றாலும் சீனி பார்க்க வேண்டும்.

4. காத்திருக்கக் கூடாதவை

பாயில் சலம் போவதை விட்ட பிள்ளை திரும்பத் தொடங்கி, மெலிந்து, சத்தி எடுத்து, வயிறு நோகிறது என்று ஆழமாக மூச்சு வாங்கினால் விடியும்வரை வைத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வாயில் பழ வாடை அடிக்கலாம். பெரியவர் மயங்கிப் பிதற்றினாலும் இதேதான்.

5. இரத்தப் பரிசோதனை

அறிகுறி இல்லாமலும் சலரோகம் இருக்கும். 35 தாண்டியவர்கள் எதற்கும் காத்திராமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் கேளுங்கள். வெறும் வயிற்றுச் சோதனைக்கு முன் குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. விடிய பஸ்ஸுக்கு முன் குடிக்கிற பிளேன்ரீயில்தான் பலருக்குப் பிழைக்கிறது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 அல்லது அதற்கு மேல் சலரோகம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு பரிசோதனையும் உறுதிப்படுத்த வேண்டும். அறிகுறியோடு எந்த நேரம் எடுத்தாலும் 200 வந்தால் அதுவே போதும். இரண்டு நாள் சீனியை விட்டு நல்ல பிள்ளையாகப் போய் நிற்பவர்களை எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்: அது கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு, 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் சலரோகம்.

வீட்டு மீற்றரில் பார்ப்பதென்றால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். பனாட்டுத் தின்ற கையில் குத்தினால் பனாட்டின் சீனிதான் தெரியும். மீற்றரில் செருகும் பட்டிகளின் டப்பாவை மூடி இறுக்கி, 30 பாகைக்கு மேல் சூடேறாத இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல் வைத்த பட்டி சொல்கிற இலக்கத்தை நம்ப ஏலாது.