கெர்பரோஸ்: பெயரை உச்சரிப்பதும் அதன் கதையைச் சொல்வதும்

கணினி வலையமைப்பில் பயனர் இன்னார்தான் என்று உறுதிசெய்யும் கெர்பரோஸ் நெறிமுறையைப் பிறருக்குக் கற்பிக்கப் போகிறவர், முதலில் அதன் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழக வேண்டும். அது கிரேக்கப் புராணத்தில் வரும் காவல் நாயின் பெயருக்குரிய கிரேக்க வடிவம் என்பதால் முதல் எழுத்தைக் ‘கெண்டை’யில் வரும் ‘கெ’ போலவே ஒலித்து, அழுத்தத்தையும் அங்கேயே தர வேண்டும். நடுவிலுள்ள பகரம் ‘மார்பு’ என்னும் சொல்லில் போல அதிர்ந்து ஒலிக்கும்; ரகர மெய்யை அடுத்த ஒற்றைப் பகரத்தைத் தமிழர் இயல்பாகவே அப்படித்தான் ஒலிப்பதால், எழுதியபடி படித்தாலே போதும். ‘செர்பரஸ்’ என்பது லத்தீன் வடிவத்தின் ஆங்கில உச்சரிப்பு. புராண நாய்க்கு அது பொருந்தும், நெறிமுறைக்குப் பொருந்தாது.

அடுத்து, கதை. எக்கிட்னா, டைஃபன் என்னும் அரக்க இணைக்குப் பிறந்து, இறந்தோர் உலகமான ஹேடீஸின் வாயிலைக் காக்கும் நாய் அது. பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் தம் ‘தியோகோனி’யில் அதற்கு ஐம்பது தலைகள் என்கிறார், மூன்று தலை என்னும் வழக்கே பின்னர் நிலைபெற்றது. கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸின் பன்னிரண்டாம் பணி அதை மேலுலகுக்கு இழுத்து வந்ததே.

1983இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அத்தீனா என்னும் கணினித் திட்டத்தில் இந்நெறிமுறை உருவானது. மூன்று தலைகளை விளக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. பயனர் கணினி, சேவையகம், அனுமதிச் சீட்டு வழங்கும் மையம் ஆகிய மூன்றையும் தலைகளாகக் காட்டுவது பாடம் நடத்த வசதியானதே. ஆனால் பெயர் வைத்தவர்கள் எண்ணியது அதுவன்று. அடையாள உறுதிப்பாடு, கணக்குவைப்பு, தணிக்கை ஆகிய மூன்று கூறுகளும் வலையமைப்பின் வாயிலைக் காக்க வேண்டும் என்பதே நோக்கம் என்றும், பின்னிரண்டு தலைகளும் செயல்வடிவம் பெறவேயில்லை என்றும், நெறிமுறையின் ஐந்தாம் பதிப்பை வரையறுத்து 1993இல் வெளியான ஆர்எஃப்சி 1510 என்னும் இணையத் தர ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. இந்தச் செய்தியை மாணவர்களிடம் விடாமல் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் கெர்பரோஸ் பயனரின் அடையாளத்தை மட்டுமே மெய்ப்பிக்கிறது, எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதைச் சேவையகமே தீர்மானிக்கிறது என்னும் அடிப்படையை அதைக்கொண்டே பதியவைத்துவிடலாம்.

உவமையின் எல்லையையும் காட்டிவிட வேண்டும். ஹெசியட்டின் நாய் உள்ளே வருவோரிடம் வாலாட்டிக் குழைந்து, வெளியேற முயல்வோரைத்தான் விழுங்குகிறது. நெறிமுறையோ நுழைய வருவோரையே நிறுத்திச் சீட்டுக் கேட்கிறது.