பொங்கல் விருந்தில் சர்க்கரையைக் குறைத்த விதம்

வீட்டில் சர்க்கரை நோயாளிகள் உண்டு. சர்க்கரைப் பொங்கலை ஒதுக்கவும் மனமில்லை. அதனால் அளவை மாற்றினேன். முன்பு ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டு டம்ளர் வெல்லம். இப்போது அரிசி அரை, பருப்பு அரை, வெல்லம் முக்கால், நெய் மூன்று மேசைக்கரண்டி.

வெல்லப்பாகு குறைவதால் பொங்கல் சீக்கிரம் இறுகிவிடும். பருப்பை வாசம் வர வறுத்து, அரிசியோடு ஐந்து டம்ளர் தண்ணீரில், விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவிடுங்கள். அரைவேக்காட்டில் வெல்லம் சேர்த்தால் அரிசி அதற்குமேல் குழையாது. பாகை வடிகட்டி ஊற்றிக் கிளறி, அடுப்பை அணைத்துச் சற்று ஆறியபின் அரை டம்ளர் காய்ச்சிய பால் விடுங்கள். வெல்லத்தோடு கொதித்தால் பால் திரிந்துவிடும். ஏலக்காயும் துளி பச்சைக் கற்பூரமும் இனிப்புக் குறைவைத் தெரியவிடாது. வெல்லம்தானே என்று தாராளமாகச் சாப்பிடுவது தவறு, ரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும்.

இலையில் முதலில் ஏழுகறிக் கூட்டும் அவரைப் பொரியலும். பிறகு சோறு, வழக்கத்தில் பாதி. காயும் பருப்பும் முன்னே போனால் சர்க்கரை மெல்ல ஏறும். கூட்டில் மொச்சை இரண்டு பிடி கூடுதலாகப் போடுங்கள், வயிறு நிறையும். வடை ஒன்று போதும். மாவு நீர்த்தால் எண்ணெய் குடிக்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும்.