விண்டோஸ் ஏன் படுத்தது என்று பார்க்காமல் லினக்ஸ் போடாதீர்கள்

அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சிபியூவை அரிசிச் சாக்கில் சுற்றி பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். விண்டோஸ் லோகோ வரும், சுற்றும், நீலத்திரை, மறுபடி முதலிலிருந்து. “அதான் செத்துப்போச்சுல்லா, இனி அதுல என்னத்தடே பாக்கப்போற? லினக்ஸப் போட்டுத் தா” என்றார். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் அந்த இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அதே சாக்கில் திரும்பி வந்தது.

போயிருந்தது விண்டோஸ் இல்லை, ஹார்டு டிஸ்க். அதைப் பார்க்காதது என் தப்பு. லினக்ஸை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் மின்ட்டிலும் ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவி கூடவே வரும். அதில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) திறந்து, ‘ரீஅலோகேட்டட் செக்டார்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), ‘பெண்டிங் செக்டார்’ (கெட்டதோ என்று சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள், வேறு வைத்தியம் கிடையாது.

பென்டிரைவ் தயார் பண்ணுவதில்தான் பாதிப்பேர் விழுகிறார்கள். லினக்ஸ் மொத்தமும் அடங்கிய ஐஎஸ்ஓ பைலை பாட்டு ஏற்றுகிற மாதிரி காப்பி பண்ணினால் பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து தொடங்காது. அதற்கென்று உள்ள கருவியால் பென்டிரைவில் ‘எழுத’ வேண்டும். ஓடுகிற கம்ப்யூட்டர் வேறு இல்லையா? ஆண்ட்ராய்டு போனும், அதில் பென்டிரைவை மாட்ட ஓடிஜி கனெக்டரும் போதும். எட்ச்டிராய்ட் என்ற ஆப் எழுதிவிடும். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, அவசரம். ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதை அழுத்திவிட்டு, பிறகு “கடைக் கணக்கு டி டிரைவில் இருந்துதே” என்று தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் அதே டிஸ்க்கின் ஒரு பகுதி, அதாவது பார்ட்டிஷன்தான். டிஸ்க்கை அழித்தால் டி டிரைவும் சேர்ந்தே போகும். விண்டோஸ் எழும்பாவிட்டாலும் பைல்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். லைவ் முறையில், அதாவது பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, அவற்றைத் திறந்து வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சரியாக அணையாமல் கிடந்தால் படிக்க மட்டும்தான் திறக்கும். காப்பி எடுக்க அது போதும், எதையும் ‘ரிப்பேர்’ பண்ணப் போகாதீர்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம்.

எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவுக்கு, ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. நிறுவும்போது டிஸ்க்கே காட்டவில்லையா? பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) ஸ்டோரேஜ், பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு முறையில் இருக்கலாம். ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்பில் ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றுங்கள். விண்டோஸ் ஓடுகிற மெஷினில் இதைச் செய்ய யோசிக்க வேண்டும், இங்கே அதுதான் ஏற்கனவே போய்விட்டதே!

வைஃபை சிக்காவிட்டால் போனை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டுங்கள், கேபிள் வழியே போனின் நெட் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் தொடவே வேண்டாம்.

அண்ணாச்சிக்குப் புது எஸ்எஸ்டி மாட்டி மறுபடி போட்டேன். அப்போதும் அப்டேட் வரமாட்டேன் என்றது. பார்த்தால் கம்ப்யூட்டரில் தேதி 2009. தேதி தப்பானால் அப்டேட்டை நம்பி எடுக்காது. அணைத்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. பக்கத்து வாட்ச் கடையிலேயே கிடைத்தது.