சாறாக ருசித்ததை நம்பாதீர்கள்: ஒரு ஜாடி ஒயினுக்குப் பழங்களைச் சேர்ப்பது எப்படி

மாம்பழமும் ஆரஞ்சும் சேர்த்து ஒருமுறை ஒயின் போட்டேன். பிழிந்த அன்று ஒரு வாய் குடித்துப் பார்த்தபோது, இதைவிடப் பொருத்தமான ஜோடியே கிடையாது என்று தோன்றியது. இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் ஆரஞ்சின் புளிப்பும் தோலின் கசப்பும் மட்டும்தான் மிச்சம். மாம்பழம் போட்டதற்கான அடையாளமே இல்லை. முழு ஜாடியையும் கொட்டினேன்.

தப்பு எங்கே என்று புரிவதற்கு இன்னும் இரண்டு ஜாடி வீணாக வேண்டியிருந்தது. அறுசுவையில் ஈஸ்ட் தின்பது இனிப்பை மட்டும்தான். புளிப்பு, துவர்ப்பு, கசப்பு எல்லாம் பெரும்பாலும் போட்டபடியே நிற்கும். நாமோ பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இனிப்போடு சேர்த்துத்தான் ருசிக்கிறோம். அந்த இனிப்பைக் கழித்தால் பழத்தில் என்ன மிஞ்சும்? பழக்கலவைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

பாத்திரங்களைக் கிருமிநீக்கம் செய்வது, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) மாட்டுவது, வண்டலை விட்டுச் சைபன் குழாயில் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அளவெல்லாம் 4.5 லிட்டர் ஜாடிக்கு. நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் ஒயின் போடச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடிப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது வேறு வேலை, ஆபத்தானதும்கூட.

1. ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வேலை

ஒயினுக்கு நான்கு விஷயம் வேண்டும்: வாயில் உணரும் கனம், புளிப்பு, துவர்ப்பு, மணம். நான்கும் ஒரே பழத்தில் அமைவது அபூர்வம். திராட்சை கிட்டத்தட்ட அப்படிப்பட்டது என்பதால்தான் அதைத் தனியாகவே போட முடிகிறது. மற்றவற்றுக்குத் துணை வேண்டும்.

வாழைப்பழம் கனம் தரும், புளிப்பு தராது. ஆப்பிளில் மாலிக் அமிலம் இருக்கிறது, மணம் மெலிது. அன்னாசியில் சிட்ரிக் அமிலமும் மணமும் உண்டு, துவர்ப்பு இல்லை. நாவல்பழமும் மாதுளையும் துவர்ப்பையும் நிறத்தையும் சேர்க்கும். ஸ்ட்ராபெர்ரியில் மணம்தான் எல்லாம். கனம் கிடையாது, நிறமும் சில மாதத்தில் வெளிறி வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும்.

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பழங்களை ஜோடி சேர்க்கக் கூடாது. பப்பாளியும் வாழைப்பழமும் சேர்ந்தால் புளிப்பே இல்லாத, சப்பென்ற ஒரு திரவம் கிடைக்கும். நான் போட்டிருக்கிறேன். தர்பூசணிப் பக்கம் போகவே வேண்டாம். அதன் சாற்றில் புளிப்பு குறைவு, ஈஸ்ட் வேலையைத் தொடங்குவதற்குள் கெட்டுவிடும்.

2. சின்ன பாட்டிலில் சோதனை

பலர் தாண்டிப் போகிற படி இது. நானும் தாண்டித்தான் போனேன்.

யோசித்து வைத்திருக்கும் பழங்களைத் தனித்தனியாகப் பிழிந்து, வகைக்கு 300 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்த்து ஹைட்ரோமீட்டரில் (சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் கருவி) 1.060 வரை கொண்டுவாருங்கள். சோதனைக்கு அது போதும், சீக்கிரம் முடிந்துவிடும். 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு, மூடியைத் தளர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மறந்துபோய் மூடியை இறுக்கிவிட்டால் பாட்டில் கல் மாதிரி விறைத்து எச்சரிக்கும். கண்ணாடி எச்சரிக்காது, வெடிக்கும்.

20 முதல் 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏழிலிருந்து பத்து நாள். குமிழி அடங்கியதும் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள், வண்டல் படிந்துவிடும். தெளிந்ததை மட்டும் மேலாக ஊற்றி எடுங்கள்.

இப்போது ருசிக்கலாம் என்று நினைப்பீர்கள். பொறுங்கள், நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். புதிதாகப் புளித்த சாற்றில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து கிடக்கும். அது நாக்கில் சுருக்கென்று குத்தும். அந்தக் குத்தலைப் புளிப்பு என்று எடுத்துக்கொண்டு, "அன்னாசி ரொம்பப் புளிக்கிறது" என்று முடிவுகட்டி, பெரிய ஜாடியில் அதைப் பாதியாகக் குறைத்தேன். நான்கு மாதம் கழித்து வாயு முழுக்கப் போனபின் குடித்தால், உப்பு போட மறந்த சாப்பாடு மாதிரி இருந்தது.

அதனால் பாட்டிலை மூடிக் குலுக்குங்கள், திறங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும். மறுபடி குலுக்குங்கள். சத்தம் நிற்கும்வரை இதைச் செய்தபிறகுதான் ருசி. ஈஸ்ட் வாடையைப் பொருட்படுத்தாதீர்கள், நாள்பட அது போய்விடும்.

பிறகு ஒரு தேக்கரண்டி, நான்கு சின்ன கிளாஸ். முதல் கிளாஸில் அ பழம் மூன்று கரண்டி, ஆ பழம் ஒன்று. அடுத்ததில் இரண்டுக்கு இரண்டு. அடுத்ததில் ஒன்றுக்கு மூன்று. நான்காவதில் உங்களுக்குப் பிடித்த கலவையோடு ஆறிய கெட்டித் தேநீர் நான்கைந்து சொட்டு. கலவையில் துவர்ப்பு போதவில்லையா என்பதை அந்தச் சொட்டு காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கிளாஸில் என்ன ஊற்றினீர்கள் என்று உடனே எழுதி வையுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று விட்டால் மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு இருக்காது.

3. ஜாடிக்கு எவ்வளவு

மொத்தப் பழம் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. கொய்யா, அன்னாசி, ராஸ்பெர்ரி மாதிரி மணம் தூக்கலான பழத்தைக் கால் பங்குக்கு மேல் விடாதீர்கள், மற்றதை அமுக்கிவிடும். நீங்கள் சோதனையில் பார்த்த விகிதம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

எனக்கு இதுவரை சொதப்பாதவை மூன்று. ஒன்றரைக் கிலோ ஆப்பிளுக்கு 400 கிராம் நாவல்பழம். ஒன்றேகால் கிலோ மாம்பழத்துக்கு 400 கிராம் அன்னாசி. ஒன்றரைக் கிலோ ஸ்ட்ராபெர்ரிக்கு அரைக் கிலோ வாழைப்பழம். இதில் வாழையை அப்படியே போடக் கூடாது. தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தை உரித்து வட்டமாக நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, பிழியாமல் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் சேர்க்கணும். பழுக்காத வாழையில் மாவுச்சத்து இருக்கும், ஒயின் கலங்கியே கிடக்கும். மற்ற பழங்களைக் கொதிக்கவைக்காதீர்கள். ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் வெளியே வந்து, ஒயின் தெளியவே தெளியாது.

பழத்தை முந்தின நாளே உறையவைத்து, பிறகு இளக்குங்கள். செல் உடைந்து சாறு தானாக இறங்கும். மிக்ஸி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. மாதுளை முத்தை மிக்ஸியில் ஓட்டினால் விதை உடைந்து கசப்பு ஏறும், கையால் நசுக்குவதே போதும். ஆரஞ்சு சேர்த்தே ஆக வேண்டும் என்றால் சுளையின் வெள்ளைத் தோலை ஈவிரக்கமில்லாமல் உரித்தெடுங்கள். என் முதல் ஜாடியைக் கெடுத்தது அதுதான்.

4. சர்க்கரையும் புளிப்பும்

பழத்தை நைலான் வலைப்பையில் கட்டி, மூடியுள்ள வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு காம்ப்டன் மாத்திரையை (கிருமிகளை அடக்கும் சல்பைட் மாத்திரை) பொடித்துப் போடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெக்டினை உடைக்கும் பெக்டிக் என்சைம். இன்னும் பன்னிரண்டு மணி நேரம் போனால் ஈஸ்ட்டும் ஈஸ்ட் நியூட்ரியன்ட்டும். திராட்சை அல்லாத பல பழங்களில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் போதாது. நியூட்ரியன்ட் போடாவிட்டால் அழுகிய முட்டை வாடை அடிக்க வாய்ப்புண்டு.

ஈஸ்ட் போடுமுன் ஹைட்ரோமீட்டர் 1.085 காட்டட்டும். அது 0.995இல் முடிந்தால் ஆல்கஹால் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். சர்க்கரையை முதலில் அரைக் கிலோ கரைத்து, அளந்து பார்த்து, பிறகு கூட்டுங்கள். அளக்குமுன் பையை நன்றாகப் பிழிந்து வாளியைக் கலக்கணும். இல்லையென்றால் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை கணக்கில் வராது. அளவு குறைவு என்று நீங்கள் அள்ளிக் கொட்டுவீர்கள், கடைசியில் 15 சதவீதத்தில் வந்து நிற்கும்.

பிஹெச் 3.3 முதல் 3.6 வரை இருந்தால் நிம்மதி. நிறமுள்ள சாற்றில் காகிதப் பட்டையை நம்ப முடியாது, பட்டை சாற்றின் நிறத்தையே காட்டும். டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். ஈஸ்ட்டில் என் ஓட்டு லால்வின் 71பிக்கு. மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியை அது தின்றுவிடும் என்பதால், ஆப்பிள் கலவையின் கூர்மை மழுங்கிக் குடிக்க இதமாக இருக்கும். ரொட்டி ஈஸ்ட்டும் புளிக்கவைக்கும், ஆனால் வண்டல் இறுகிப் படியாமல் தொட்டால் எழும்பும்.

5. மணமுள்ள பழம் பிறகு வரட்டும்

முதல் நான்கைந்து நாள் வாளி பொங்கும்போது வெளியேறும் வாயு மணத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். வாளிக்குப் பக்கத்தில் நின்றால் அறை முழுக்க ஸ்ட்ராபெர்ரி வாசனை அடிக்கும். சந்தோஷப்படாதீர்கள், அவ்வளவும் ஒயினிலிருந்து போனது. மணத்துக்காகப் போடும் பழத்தில் பாதியை நிறுத்திவைத்து, ஐந்தாம் நாள் பொங்குவது தணிந்தபின் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் பையைத் தூக்கிவிட்டு ஜாடிக்கு மாற்றலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்தவர்களில் ஒருவருக்கு ஐந்து நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை. கேட்டால், பாக்கெட் சாறு சேர்த்திருக்கிறார். பாக்கெட்டில் பொட்டாசியம் சார்பேட் என்று எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். ஈஸ்ட் பெருகாமல் தடுப்பதற்காகவே போட்டது அது.

இன்னொருவர் கனத்துக்காக உலர்திராட்சை சேர்த்தார், மேலே எண்ணெய்ப் படலம். சில உலர்திராட்சைகள் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவித்தான் வரும். வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள்.

மாம்பழம் போட்ட மூன்று பேருக்கு நுரை வாளியைத் தாண்டி வழிந்திருக்கிறது. இது என் தவறு, சொல்லியிருக்க வேண்டும். சதைப்பற்றுள்ள பழத்துக்கு 4.5 லிட்டர் வாளி போதாது, பத்து லிட்டர் வாளி எடுங்கள். மேலே மிதக்கும் பையைத் தினம் இரண்டு முறை கரண்டியால் அமுக்கி நனைத்துவிடணும், காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். மரக்கரண்டி வேண்டாம், எவர்சில்வர் கரண்டியே நல்லது.