இடது என்றால் யாருடைய இடது? பல், உடல் திசைச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளி எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்கிறார். உங்கள் இடது கைப் பக்கம் தெரிவது அவருடைய வலது. குறிப்பில் எழுத வேண்டியதும் அவருடைய வலதைத்தான். பல் மருத்துவத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. பல வருட அனுபவத்துக்குப் பிறகும் அசதியில் சறுக்கும் இடமும் இதுதான்.

எண்ணிலும் அதே ஆபத்து. பற்களுக்கு எண் கொடுக்கும் எஃப்.டி.ஐ. முறையில் 18 என்பது மேல் வலது ஞானப்பல். அதை ‘ஒன்று, எட்டு’ என்று பிரித்துப் படிக்க வேண்டும்: முதல் இலக்கம் வாயின் நான்கு பகுதிகளில் எது என்பது, அடுத்தது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. அமெரிக்காவில் வழங்கும் 1 முதல் 32 வரையிலான முறையில் அதே 18, கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப்பல். வெறுமனே ‘பதினெட்டு’ என்றால் பல் மூலைக்கு மூலை மாறிவிடும்.

‘மீசியல்’ என்றால் முன்பக்கம் என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். கடைவாய்ப்பல்லில் அது பலிக்கும், முன்பல்லில் காலை வாரும். பல்வரிசை லாடம்போல வளைந்தது. அந்த வளைவிலேயே விரலை நகர்த்திப் பாருங்கள்: நடுக்கோட்டை நோக்கிய பக்கம் மீசியல், விலகிய பக்கம் டிஸ்டல். நடுவில் உள்ள இரண்டு வெட்டுப்பற்கள் மட்டும் மீசியலும் மீசியலுமாக முட்டிக்கொள்ளும். உடற்கூறியலின் ‘மீடியல்’ வேறு. அது வளைவைப் பொருட்படுத்தாமல் உடலின் நடுக்கோட்டைப் பார்க்கும். கடைவாய்ப்பல்லில் மீடியல் என்றால் நாக்குப் பக்கத்துக்குப் போய்விடுவோம். ஓரெழுத்து வித்தியாசம்தான், சொத்தையை நிரப்பும் இடமே மாறிவிடும்.

‘பிராக்ஸிமல்’ இன்னும் வேடிக்கை. கை, கால்களில் அது டிஸ்டலுக்கு எதிர்ச்சொல்: உடலுக்கு அருகே உள்ள முழங்கை பிராக்ஸிமல், தள்ளி உள்ள மணிக்கட்டு டிஸ்டல். பல்லிலோ பக்கத்துப் பல்லைப் பார்க்கும் பரப்பெல்லாம் பிராக்ஸிமல். டிஸ்டல் பரப்பும் அதில் அடக்கம்.

கையைத் தொங்கவிட்டபடி கட்டைவிரலை மீடியல் என்பதும் அடிக்கடி காதில் விழும். உள்ளங்கை முன்னோக்கி இருப்பதுதான் உடற்கூறியலின் அடிப்படை நிலை; அப்போது கட்டைவிரல் வெளிப்பக்கம், அதாவது லேட்டரல்.

கடைசியாக, மேலே, கீழே. மேல்பல்லின் வேர் மேல்நோக்கிப் போகும், கீழ்ப்பல்லின் வேர் கீழ்நோக்கி. அதனால் வேர்நுனிப் பக்கத்துக்கு அப்பிக்கல், பல்லின் தலைப்பகுதிப் பக்கத்துக்கு கரோனல் என்றே எழுதுங்கள். ‘பல்லுக்கு மேலே சீழ்’ என்று கீழ்ப்பல்லுக்கு எழுதினால், அங்கே இருப்பது எதிர்வரிசைப் பல்தான்.